டோக்கியோபாப் மீது ஏன் இத்தனை கோபம், ஏன் இத்தனை நன்றி?

கேள்வி: மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸின் பழைய வாசகர்களிடம் டோக்கியோபாப் பதிப்பகத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவர் வாயாரப் புகழ்கிறார், இன்னொருவர் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறார். நான் காமிக்ஸ் வரையப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்த நிறுவனம் அப்படி என்னதான் செய்தது?

பதில்:

இருவர் சொல்வதும் உண்மைதான். வாசகரின் மனக்குறையையும் வரைந்தவரின் மனக்குறையையும் ஒரே புகாராகச் சேர்த்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது. வாசகர் இழந்ததில் பெரும்பகுதியை மற்ற பதிப்பகங்கள் பின்னாளில் ஈடுகட்டிவிட்டன. வரைந்தவர்களில் பலர் இழந்தது அப்படித் திரும்பி வரவில்லை. வர முடியாதபடி அவர்களுடைய ஒப்பந்தமே இருந்தது. நீங்கள் வரைபவர் என்பதால் அந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறேன். ஆனால் நன்றி சொல்பவர்களின் பக்கத்தையும் முதலில் கேட்டுவிட வேண்டும். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

ஸ்டூ லெவி என்ற அமெரிக்கர் 1997இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நிறுவனம் இது. அப்போது அதன் பெயர் மிக்ஸ். மிக்ஸ்ஸீன் என்ற இதழில் ஜப்பானியத் தொடர்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். செய்லர் மூன் அதில்தான் வந்தது. நாயகி உசாகியின் பெயரைப் 'பன்னி' என்று மாற்றினார்கள். பிறகு தொடரை அந்த இதழிலிருந்து எடுத்து, பெண்களுக்கென்று தொடங்கிய ஸ்மைல் இதழுக்குக் கொண்டுபோனார்கள். சந்தா கட்டிக் காத்திருந்த ரசிகர்கள் கொதித்தார்கள். ஆக, ரசிகர்களுடனான உரசல் நிறுவனம் பிறந்த நாள்களிலேயே தொடங்கிவிட்டது.

பெயர் டோக்கியோபாப் என்று மாறியபின், 2002இல் அவர்கள் எடுத்த முடிவுதான் அமெரிக்க மாங்காவின் தலையெழுத்தையே மாற்றியது. அதுவரை அங்கே ஜப்பானியக் காமிக்ஸை ஆங்கில வாசகருக்காகப் பக்கம் பக்கமாகக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி அச்சிடுவதே வழக்கம். வலக்கைக்காரர்கள் எல்லாரும் இடக்கையில் வாள் பிடிப்பார்கள். சட்டையில் எழுத்து இருந்தால் அதைத் தனியாகத் திருத்தி வரைய வேண்டும். செலவு கூடும், நேரம் பிடிக்கும், தன் ஓவியம் இப்படித் திரும்பி நிற்பதை ஜப்பானிய ஓவியர்களில் பலர் விரும்பவுமில்லை. டோக்கியோபாப் இந்தத் திருப்பலையே கைவிட்டது. வலமிருந்து இடமாக, ஜப்பானில் எப்படி வந்ததோ அப்படியே, கையடக்கமான அளவில், 9.99 டாலர் விலையில் வெளியிட்டது. அதற்குமுன் ஒரு தொகுதிக்குப் பெரும்பாலும் பதினைந்து டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. பள்ளி மாணவியின் கைக்காசில் வாங்கக்கூடிய விலை இப்போதுதான் வந்தது.

மாணவி என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அன்றைய அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் பெரும்பாலும் ஆண்களின் இடம். சூப்பர் ஹீரோ இதழ்களைத் தாண்டி ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அங்கே எடுத்துப் படிக்க அதிகமாக எதுவும் இருக்கவில்லை. டோக்கியோபாப் தன் நூல்களைப் பார்டர்ஸ், வால்டன்புக்ஸ், பார்ன்ஸ் அண்டு நோபிள் போன்ற பொதுப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுபோனது. லவ் ஹினா, சொபிட்ஸ், கார்ட்கேப்டர் சகுரா, அவற்றுக்கெல்லாம் மேலாக நட்சுகி தகயாவின் ஃப்ரூட்ஸ் பாஸ்கெட். மாங்கா அலமாரிக்கு முன்னால் தரையில் அமர்ந்து தொகுதி தொகுதியாகப் படித்துத் தீர்க்கும் பதின்வயதினர் கூட்டம் அந்தக் கடைகளில் அன்றாடக் காட்சியானது. போட்டி நிறுவனங்களும் விரைவில் அதே அளவு, அதே திசை, ஏறத்தாழ அதே விலை என்று பின்தொடர்ந்தன. இன்று ஆங்கில மாங்காவை இயல்பாக வலமிருந்து புரட்டுகிறோமே, அந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மற்ற தவறுகளுக்காக இதைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி ரசிகர்களின் புகார்கள். 'நூறு சதவீதம் அசல் மாங்கா' என்று விளம்பரம் செய்த அதே காலத்தில், இனிஷியல் டி என்ற கார்ப் பந்தயத் தொடரில் தகுமியை 'டாக்' என்றும் நட்சுகியை 'நாட்டலி' என்றும் மாற்றினார்கள். பல நூல்களில் படத்துக்குள் எழுதியிருக்கும் ஓசைச் சொற்களை மொழிபெயர்க்காமல் ஜப்பானிய எழுத்திலேயே விட்டுவிட்டார்கள். ஓவியத்தைத் தொடாமல் விட்டதற்காகச் சிலர் பாராட்டினார்கள். செலவை மிச்சப்படுத்தும் வழி என்று சிலர் குறை சொன்னார்கள். எண்ணிக்கையிலும் அளவு மீறியது. மாதந்தோறும் அவ்வளவு தலைப்புகளைக் கடைகளில் கொண்டுவந்து கொட்டினார்கள். பெயர்கூட நினைவில் தங்காத தொடர்கள் அவற்றில் நிறைய. விற்காத தொடர்கள் பாதியில் நின்றன. நான்கு தொகுதி வாங்கியவருக்கு ஐந்தாவது வருமா வராதா என்று சொல்ல ஆளில்லை.

பெரிய அடி 2009இல் விழுந்தது. ஜப்பானின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான கோடன்ஷா, டோக்கியோபாப்புக்குக் கொடுத்திருந்த உரிமங்களைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவில் தெரியவந்தது. அடுத்து 2011 பிப்ரவரியில், மாங்கா விற்பனையின் முதன்மைத் தூண்களில் ஒன்றாக இருந்த பார்டர்ஸ் திவால் மனு கொடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மே 31ஆம் தேதியோடு லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தை மூடி வட அமெரிக்கப் பதிப்பை நிறுத்துவதாக டோக்கியோபாப் அறிவித்தது. ஏராளமான தொடர்கள் அந்தரத்தில் நின்றன. ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளை மட்டும் தொடர்ந்து இயங்கியது.

அன்று ரசிகர்கள் பட்ட வேதனை பொய்யல்ல. ஆனாலும் அதன்பின் என்ன நடந்தது என்று பாருங்கள். செய்லர் மூனைக் கோடன்ஷாவே 2011இல் புதிய மொழிபெயர்ப்பில் வெளியிடத் தொடங்கியது. சொபிட்ஸும் கார்ட்கேப்டர் சகுராவும் டார்க் ஹார்ஸ் பதிப்பகத்திடம் போய்ப் பெரிய தொகுப்புகளாக வந்தன. ரேவ் மாஸ்டர் தொடரின் கடைசி மூன்று தொகுதிகளை டெல் ரே பதிப்பகம் ஒரே நூலாக வெளியிட்டு முடித்துக்கொடுத்தது. ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டை 2016இல் யென் பிரஸ் மறுபடி கொண்டுவந்தது. காத்திருந்தவருக்குப் பெரும்பாலும் நூல் கிடைத்தது, பல நேரங்களில் முன்பைவிட நல்ல தாளில், நல்ல மொழிபெயர்ப்பில். இது எப்படிச் சாத்தியமானது? டோக்கியோபாப் கையில் இருந்தது உரிமம் மட்டும்தான். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட மொழியில், குறிப்பிட்ட நாடுகளில் அச்சிட்டு விற்கலாம் என்ற அனுமதி. காலம் முடிந்தால் உரிமை தானாக ஜப்பானுக்குத் திரும்பிவிடும். நட்சுகி தகயாவின் கதை ஒருநாளும் டோக்கியோபாப்பின் சொத்தாக இருந்ததில்லை.

நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தன் கடையில் அதிகம் விற்கும் பண்டம் தன்னுடையதல்ல, என்றைக்கு வேண்டுமானாலும் உடைமையாளர் திரும்பக் கேட்கலாம் என்ற அச்சம் உரிமத்தில் பிழைக்கும் எந்தப் பதிப்பகத்துக்கும் இருக்கும். யாரும் பிடுங்க முடியாத, திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் விற்கக்கூடிய சொந்தக் கதைகள் வேண்டும் என்று அவர்கள் தேடினார்கள். அதைக் கொடுக்கக்கூடியவர்கள் கண்ணெதிரே இருந்தார்கள்: மாங்காவைப் படித்தே வளர்ந்து, அதைப்போல வரைய ஏங்கிய அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலிய இளைஞர்கள்.

2002இல் 'ரைசிங் ஸ்டார்ஸ் ஆஃப் மாங்கா' என்ற போட்டியைத் தொடங்கினார்கள். வென்ற சிறுகதைகள் தொகுப்பாக அச்சேறின. அதன்வழியாகவும் நேரடியாகவும் பலருக்குச் சொந்தத் தொடர் கிடைத்தது. ஸ்வெட்லானா ச்மகோவாவின் டிரமகான், எம். ஆலிஸ் லெக்ரோவின் பிசென்காஸ்ட், குவீனி சானின் தி டிரீமிங், ஃபெலிபே ஸ்மித்தின் எம்.பி.க்யூ., பெக்கி குளூனனின் ஈஸ்ட் கோஸ்ட் ரைசிங், பிராண்டன் கிரஹாமின் கிங் சிட்டி. ரஷ்யாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண், ஆஸ்திரேலியாவில் வாழும் இன்னொரு பெண், எந்தச் சூப்பர் ஹீரோ நிறுவனத்தின் வாசலிலும் இடம் கிடைத்திராத இளம் ஓவியர்கள். நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் நீளும் முழு நூலை, தன் கதையாக, தன் பாணியில் வரையப் பணம் கொடுத்து, நாடு முழுவதும் கடையில் வைக்க வேறு அதிகம் பேர் அன்று முன்வரவில்லை. அங்கே வேலை பார்த்த தொகுப்பாசிரியர்களைப் பற்றி அந்த ஓவியர்களில் பலர் இன்றும் அன்போடு பேசுகிறார்கள்.

அந்த நூல்களின் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஓவியர் பெயரோடு டோக்கியோபாப் பெயரும் சேர்ந்து நிற்கும். எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஜப்பானியப் படைப்பாளியிடமிருந்து உரிமம் பெற்ற நிறுவனம், இருபத்துச் சொச்சம் வயது அமெரிக்கப் படைப்பாளியிடமிருந்து உரிமையிலேயே பங்கு பெற்றது. கூட்டு உரிமை என்று கேட்பதற்குச் சமமாகத் தோன்றும். ஆனால் அச்சிடுவதா நிறுத்துவதா, படத்துக்கு யாரிடம் விற்பது என்ற அதிகாரத்தை ஒப்பந்தம் யாரிடம் கொடுத்திருக்கிறதோ அவரே உண்மையான உடைமையாளர். இங்கே அது நிறுவனம்தான். நிறுவனம் நன்றாக ஓடும்வரை இதனால் பெரிய சிக்கல் எழவில்லை. அது தடுமாறியபோதுதான் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்பது தெரிந்தது.

2008 மே மாதம் 'மாங்கா பைலட்ஸ்' என்ற திட்டத்துக்கான ஒப்பந்தத்தை வெளியிட்டார்கள். புதியவர் ஒரு முன்னோட்டக் கதை வரைந்து கொடுக்க வேண்டும். பிடித்தால் முழு நூல். அந்த ஒப்பந்தம் சட்ட மொழியில் இல்லை. நண்பன் தோளில் கைபோட்டுப் பேசுவதுபோன்ற மொழியில் இருந்தது. படைப்பாளியின் தார்மிக உரிமை பற்றிய பகுதியில், அது பிரெஞ்சுக்காரர்கள் யோசித்துவைத்த ஓர் ஆடம்பரப் பெயர் என்ற தொனியில் விளக்கிவிட்டு, அதை விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். தார்மிக உரிமை என்பது இரண்டு விஷயம். இதை வரைந்தவர் நான் என்று என் பெயர் நிற்க வேண்டும். என் படைப்பைச் சிதைத்து என் மதிப்பைக் கெடுக்கக் கூடாது. ஒரு படைப்பாளிக்கு இதைவிட அடிப்படையானது வேறு என்ன இருக்கிறது?

ஸ்காட் பில்கிரிம் தொடரை வரைந்த பிரையன் லீ ஓமாலி, இளைஞர்களே கையெழுத்திடாதீர்கள் என்று வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். வேறு பலரும் வரி வரியாக எடுத்துக் காட்டி எழுதினார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அச்சிட்ட நூல்களுக்குத் தார்மிக உரிமைப் பாதுகாப்பு ஏற்கெனவே மிகக் குறைவு. எனவே அந்தப் பகுதியால் ஓர் அமெரிக்க ஓவியர் சட்டப்படி இழப்பது அதிகமில்லை என்று வாதிடலாம். கோபம் அதனால் குறையவில்லை, குறைந்திருக்கவும் கூடாது. பதினெட்டு வயதில் முதல் ஒப்பந்தத்தைப் பார்க்கும் ஒருவரிடம், எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று தெளிவாகச் சொல்வதுதான் நேர்மை. அதை வேடிக்கைப் பேச்சில் கரைத்துவிடுவது நேர்மையல்ல. நல்ல தொகுப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த நம்பிக்கையை அந்தச் சில பக்கங்கள் கரைத்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

அடுத்த மாதமே, 2008 ஜூனில், நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. 39 பேர் வேலை இழந்தார்கள். வெளியீடுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டன. வெட்டு விழும்போது முதலில் பலியானவை இந்தச் சொந்தத் தொடர்கள்தான். ஈஸ்ட் கோஸ்ட் ரைசிங்கின் இரண்டாம் தொகுதி வெளிவரவே இல்லை. மற்ற பல தொடர்களும் முதல் அல்லது இரண்டாம் தொகுதியோடு நின்றன. டோக்கியோபாப் அச்சிடவில்லையென்றால் வேறு பதிப்பகத்துக்குப் போகலாமே என்று தோன்றும். கோடன்ஷாவால் அது முடிந்தது, இவர்களால் முடியவில்லை. பாத்திரங்களின் பெயரும் உருவமும் கதையும் பாதி நிறுவனத்துடையவை. அந்த நிறுவனமோ வெளியிடவும் இல்லை, விட்டுத்தரவும் இல்லை. ஓர் இளைஞர் தன் இருபதுகளில் நான்கைந்து ஆண்டுகளைக் கொட்டிய உலகம் அப்படியே பூட்டுக்குள் போனது.

விலக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிராண்டன் கிரஹாமின் கிங் சிட்டி 2007இல் ஒரு தொகுதி வந்து நின்றுபோனது. பேச்சுவார்த்தைக்குப்பின் இமேஜ் காமிக்ஸ் அதை 2009இல் பெரிய அளவில் மாத இதழாக எடுத்து, மீதிக் கதையோடு முடித்தது. டோக்கியோபாப்பும் அதில் பங்காளியாகவே இருந்தது. மனமிருந்தால் வழி இருந்தது என்பதற்கு இதுவே சான்று. எனக்கு ஆறாத வருத்தம், அந்த வழி மற்றவர்களில் பலருக்குத் திறக்கவில்லை என்பதுதான்.

2011 மே மாதத்தில் பிரீஸ்ட் திரைப்படம் வெளிவந்தது. ஹியுங் மின்-வூ என்ற கொரியர் வரைந்த காமிக்ஸை ஆங்கிலத்தில் வெளியிட்டது டோக்கியோபாப். திரைப்படம்தான் எதிர்காலம் என்று பல ஆண்டுகள் பாடுபட்டவர்களின் பெரிய படம் திரைக்கு வந்த அதே மாதத்தின் கடைசி நாளில் பதிப்பகம் கதவை மூடியது. அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், ஊழியர்கள் வேலை இழந்துகொண்டிருந்த நேரத்தில், ஸ்டூ லெவி ஒரு வீடியோ கேம் மாநாட்டிலிருந்து ட்விட்டரில் எழுதியதையும் யாரும் மறக்கவில்லை. இவ்வளவு காலம் புத்தகம் என்ற பழங்காலத் தொழிலில் ஏன் சிக்கிக்கிடந்தேன் என்று வியந்திருந்தார். அந்தப் புத்தகங்களுக்காக இரவு பகலாக உழைத்தவர்கள் அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள்? அதே லெவி, அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபின் அங்கே நிவாரணப் பணிக்குச் சென்று, ஒரு ஆவணப்படமும் எடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டோக்கியோபாப்புக்காக வரைந்த ஓவியர்கள் பின்னர் எங்கே போனார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் பகுதி. பெக்கி குளூனன் 2012இல் டிசி நிறுவனத்தின் முதன்மை பேட்மேன் இதழை வரைந்த முதல் பெண் ஆனார். ஃபெலிபே ஸ்மித் ஜப்பானுக்கே போய்க் கோடன்ஷாவின் இதழில் பீப்போ சூ என்ற தொடரை வரைந்தார். பிறகு மார்வெலுக்காகப் புதிய கோஸ்ட் ரைடரை உருவாக்கினார். தி அபாண்டண்ட் வரைந்த சோஃபி கேம்பெல் டீனேஜ் மியூட்டண்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ் தொடரின் முதன்மைப் படைப்பாளிகளில் ஒருவரானார். ச்மகோவாவின் ஆக்வர்டு 2015இல் வந்து பள்ளி நூலகங்களில் பெரிய வரவேற்பைப் பெற்றது. ஒரு தலைமுறை ஓவியர்களைக் கண்டெடுத்த கண் அந்த நிறுவனத்துக்கு இருந்தது என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் இவர்கள் எல்லாரும் புதிய கதையோடுதான் வெளியே வந்தார்கள்.

2015இல் டோக்கியோபாப் திரும்பி வருவதாக அறிவித்தது. டிஸ்னி கதைகளின் மாங்கா வடிவங்களும், ஜெர்மன் கிளை உருவாக்கிய கோல்ட்ஃபிஷ் போன்ற தொடர்களும், முன்பு பாதியில் நின்ற ஆரியாவின் அழகான பெரிய பதிப்பும் வந்தன. வாசகராக நீங்கள் இவற்றை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. ஆரியா பதிப்பு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

வரைபவராகக் கேட்டால், இந்த நிறுவனம் என்றில்லை, எந்தப் பதிப்பகம் ஒப்பந்தம் நீட்டினாலும் முதலில் தேட வேண்டியது உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற பகுதியைத்தான். எத்தனை விழுக்காடு ராயல்டி என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். 'அச்சில் இல்லாமல் போனால் திரும்பும்' என்று எழுதியிருந்தால் போதாது. மின்நூலாக எங்கோ ஒரு கடையில் பட்டியலில் இருந்தாலே அச்சில் இருப்பதாகக் கணக்காகுமா என்று கேளுங்கள். ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் திரும்பும் என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த தொகுதியை வெளியிட மாட்டோம் என்று அவர்கள் முடிவெடுத்தால், அதை நீங்கள் வேறிடத்தில் வெளியிடலாமா என்பதும் எழுத்தில் வர வேண்டும். திரைப்பட உரிமை தனித்தாளில் இருக்கட்டும்.

அமெரிக்கச் சட்டத்தில், கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப்பின் படைப்பாளி திரும்பக் கோரும் வழி ஒன்று உண்டு. ஆனால் நிறுவனத்துக்காகச் செய்த வேலை என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அது செல்லாது. 2005இல் எழுதிக் கொடுத்தவர் குறைந்தது 2040 வரை காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றபிறகும் படைப்பாளியின் பெயருக்கும் படைப்பின் சிதையாமைக்கும் பாதுகாப்புத் தருகிறது. வெளிநாட்டு நிறுவனம் அனுப்பும் தாளில் அந்த நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று ஒரு வரி இருக்கக்கூடும். பெரும்பாலும் அது கடைசிப் பக்கங்களில், சிறிய எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்குமுன் அந்த வரியைப் பதிப்புரிமை தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.